விடுதி வைபை: கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

விடுதிக்கு வரும் முதல் நாள் கட்டில், மேசை, சாவி என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கட்டுக்குள் இணையப் பாவனை விதிகள் என்று ஒரு தாளும் இருக்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருப்பார்கள். மூன்றிலும் யாரும் வாசிப்பதில்லை. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது யார் நின்று வாசிப்பது? நான் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு மாணவர் விடுதியின் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகளுக்கு 'வைபை அக்கா'. அந்தத் தாளில் இருப்பதை, அதில் எழுதாமல் விட்ட காரணங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். காரணம் சொல்லாத விதியை யார் மதிக்கிறார்கள்?

எல்லா விதிக்கும் அடியில் இரண்டே விஷயம்தான். ஒன்று, அந்த இணைப்பு எல்லோருக்கும் பொது. இரண்டு, அதில் நீங்கள் செய்வது எதுவானாலும் வெளியே நிறுவனத்தின் பெயரில்தான் போகிறது.

முதலில் ஒரு கணக்கு. விடுதிக்கு விநாடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் ஓர் இணைப்பு, இரவு எட்டு மணிக்கு 80 பேர் அதில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1.25. யூடியூபில் 1080 தரத்தில் ஒரு வீடியோ தடங்கலில்லாமல் ஓட 5 எம்பிபிஎஸ் அளவில் வேண்டும். 20 பேர் அந்தத் தரத்தில் பார்த்தாலே இணைப்பு நிரம்பிவிடும். மற்ற 60 பேருக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே வீடியோவை 480 இல் வைத்தால் ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்டவர் இருந்தால் என்னிடம் வந்து காட்டட்டும். ஆகவே பின்னேரம் ஆறு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள். பெரிய டவுன்லோட் எல்லாம் விடியற்காலைக்கு. காலையில் குளிக்கப் போகும் நேரத்தில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு உடுப்பு ஊறவைத்தால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அது கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாதது என்றதும் ஞாபகம் வருகிறது. இணைப்பை அதிகம் தின்பவர்கள் படம் பார்க்கிறவர்கள் என்றுதான் விடுதிக் காப்பாளர்கள் நினைப்பார்கள். நான் பார்த்த அளவில் பெரிய குற்றவாளி, யாரும் தொடாமல் கட்டிலில் சார்ஜில் கிடக்கும் போன். கோணேசர் கோயிலுக்குப் போய் 200 படமும் சில வீடியோவும் எடுத்துக்கொண்டு வந்து படுத்திருப்பீர்கள். போன் வைபையைக் கண்டதும் அவ்வளவையும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். மேலேற்றும் பாதை அநேகமாகக் கீழிறக்கும் பாதையை விடச் சிறியது. அது அடைபட்டால் டவுன்லோடும் சேர்ந்து நொண்டும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலும் அதே மேல்பாதையால்தான் போகவேண்டும். பக்கத்து அறையில் சூம் வகுப்பில் இருப்பவளின் குரல் வெட்டி வெட்டிக் கேட்பது இதனால்தான்.

செய்யவேண்டியது சின்ன வேலை. கூகுள் போட்டோஸில் பேக்கப்பை நிறுத்திவிட்டு, வேண்டியபோது நீங்களே போடுங்கள். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை வைபைக்கும் சேர்த்து நிறுத்துங்கள். குடும்பக் குழுமத்தில் வரும் காலை வணக்கம் எல்லாவற்றையும் போன் சேமிக்கவேண்டியதில்லை. விண்டோஸ் லப்டொப் என்றால் விடுதி வைபையை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' ஆக்கிவிடுங்கள். பெரிய அப்டேட்கள் அநேகமாகத் தாமாக இறங்காமல் நிற்கும். ஆனால் அப்படியே மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத லப்டொப் விடுதிக்கே தலையிடி. கிழமைக்கு ஒரு தடவை விடியற்காலையில் திறந்துவிட்டால் போதும்.

விளையாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பப்ஜி விளையாடுகிறவனைப் பார்த்தாலே பெரியவர்களுக்குக் கோபம் வரும். உண்மையில் ஒரு மணி நேர ஆட்டம் ஒரு சினிமாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. அந்த விளையாட்டின் அப்டேட்தான் ஜிபி கணக்கில் இறங்கும். இரவில் கத்துவது வேறு பிரச்சினை, அது என் துறை இல்லை.

பாடத்துக்கு என்று வந்தால் தேவைகளும் ஒன்றல்ல. கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தையே பாருங்கள். சித்த மருத்துவம் படிப்பவருக்கு மூலிகைப் படங்களும் பிடிஎஃப்களும் வேண்டும். தொடர்பாடல் படிப்பவர் தான் எடுத்த வீடியோவை மேலேற்றவேண்டும். கணினி விஞ்ஞானப் பிள்ளைக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கோப்பு ஒன்றே பல ஜிபி. இதில் யாரையும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நான் கேட்பதெல்லாம், ஒரு லினக்ஸ் கோப்பை ஒருவர் இறக்கி மற்றவர்களுக்கு பென் டிரைவில் கொடுங்கள் என்பதுதான். ஒரே வகுப்பில் முப்பது பேர் ஒரே கோப்பை ஒரே இரவில் இறக்குவது படிப்பு இல்லை.

பாஸ்வேர்ட் யாருக்கும் கொடுக்காதீர்கள், காதலிக்கும்

பொது வைபைக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவிடலாமே என்று கேட்பார்கள். ஆளுக்கு ஓர் அக்கவுண்ட் கொடுப்பதன் காரணம் இதுதான்: இலங்கைப் பல்கலைக்கழகங்கள் லேர்ன் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக இணைந்திருக்கின்றன. ஒரு விடுதியிலிருந்து யாரோ ஒருவரின் முகநூலுக்குள் நுழையப் பார்த்தாலோ, எங்கோ ஒரு தளத்தைத் தாக்கினாலோ, முறைப்பாடு நிறுவனத்தின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்து வரும். அன்றைக்கு அந்த நேரத்தில் எந்த அக்கவுண்ட் அந்த முகவரியில் இருந்தது என்று பதிவேட்டில் பார்ப்போம். அங்கே உங்கள் பெயர் இருந்தால், 'நான் இல்லை, என் சிநேகிதன்' என்று நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஒன்றையும் அழிக்காமல் 'சும்மா பார்த்தேன்' என்றாலும் குற்றம்தான். பக்கத்து அறைக்காரனின் இணையப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் மென்பொருளை யூடியூப் பார்த்து இயக்கிப்பார்க்கிற இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் வாருங்கள், பழைய ரவுட்டர் இரண்டு தருகிறேன், தனியாக இணைத்து என்னவும் செய்யுங்கள். விடுதி இணைப்பில் வேண்டாம்.

எடுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைபையைப் பாவிக்கிற வளாகங்களில் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் பல்கலைக்கழக அக்கவுண்டிலேயே வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்திலும் இணையலாம் என்பது அதன் வசதி. அதனாலேயே அந்தப் பாஸ்வேர்ட் களவு போனால் மின்னஞ்சல் தொடங்கி எல்லாமே போகலாம். சில அண்ட்ரொய்ட் போன்களில் இணைக்கும்போது சான்றிதழைச் சரிபார்க்கவா என்று கேட்கும் இடத்தில், அவசரத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தெரிவு செய்யாதீர்கள். அதே பெயரில் போலி வைபை ஒன்றை யாரும் வைத்தால் உங்கள் போன் அதையும் நம்பிவிடும். எடுரோமின் சொந்த நிறுவல் செயலியைப் பாவித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சின்னச் சிக்கல். ஆளுக்கு இரண்டு கருவிதான் என்று விதி இருக்கும். புதுப் போன்கள் ஒவ்வொரு வைபைக்கும் ஒரு போலி மக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டும். சில நேரம் அதை மாற்றிக்கொள்ளவும் செய்யும். அப்போது உங்கள் ஒரே போன் இரண்டு போனாகப் பதிவாகி, மூன்றாம் முறை 'எல்லை தாண்டிவிட்டது' என்று வரும். வைபை விபரத்துக்குள் போய், விடுதி வைபைக்கு மட்டும் 'போனின் மக் முகவரி' என்று மாற்றிவிடுங்கள். மற்ற இடங்களில் பழையபடியே இருக்கட்டும், அது உங்கள் நன்மைக்கு.

சொந்த ரவுட்டர், தொங்கும் வயர்

தாளில் 'அனுமதியின்றி வலையமைப்புக் கருவிகளை இணைத்தல் தடை' என்று ஒரு வரி இருக்கும். எல்லா விதியிலும் அதிகம் மீறப்படுவது இதுதான், அதிகம் சேதம் செய்வதும் இதுதான்.

நடப்பது இப்படி. அறையில் சிக்னல் குறைவு. வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் உள்ள லேன் சொக்கற்றிலிருந்து வயரை எடுத்து, ரவுட்டரின் மஞ்சள் ஓட்டைகளில் ஒன்றில் செருகுவார்கள். அந்த ஓட்டைகள் வீட்டுக் கணினிகளுக்கு முகவரி கொடுப்பதற்கானவை. இப்போது அந்த ரவுட்டர் விடுதி முழுவதற்கும் முகவரி கொடுக்கப் புறப்படும். ஒரு போன் 'எனக்கு முகவரி தா' என்று கேட்டால், முந்திப் பதில் சொல்பவரின் பேச்சை அது கேட்கும். பக்கத்து அறை ரவுட்டர் முந்திக்கொள்ளும். வைபை முழுப் புள்ளியும் காட்டும், இணையம் மட்டும் இருக்காது. மாடியில் பாதிப் பேருக்கு வேலை செய்யும், பாதிப் பேருக்குச் செய்யாது. இதைப் போலக் குழப்பும் பழுது வேறில்லை.

நீங்களே கண்டுபிடிக்கலாம். உங்கள் போனின் வைபை விபரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். வேலை செய்யும் சிநேகிதியின் போனிலும் பாருங்கள். அவளுக்கு 10 இல் தொடங்கும் முகவரி, உங்களுக்கு 192.168 இல் தொடங்கினால், கிட்டத்தில் எங்கோ ஒரு ரவுட்டர் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கள். எனக்கு அரை நாள் மிச்சம். லேன் வயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். நல்ல சுவிட்சுகளில் இப்படிப் பொய் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி உண்டு. எல்லா மாடியிலும் அப்படிப்பட்ட சுவிட்ச் வாங்கிப் போட யாரிடம் காசு இருக்கிறது?

இதற்கு அண்ணன் முறையான பழுது ஒன்று உண்டு. ஒருமுறை பரீட்சைக் கிழமையில் ஒரு கட்டடம் முழுக்க நின்றுபோனது. பொது அறையில் சின்ன சுவிட்ச் ஒன்று மேசையில் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் நிலத்தில் தொங்கியது. துப்புரவுக் குணமுள்ள யாரோ ஒருவர், தொங்கும் முனையை எடுத்து வெறுமையாக இருந்த பக்கத்து ஓட்டையில் அழகாகச் செருகியிருக்கிறார். ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். தகவல் அதற்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. வயரைக் கழற்றிய அந்தக் கணமே எல்லாம் சரி. ஆகவே தொங்குகிற வயர் தொங்கட்டும். எங்கே போகிறது என்று தெரியாத எதையும் செருகாதீர்கள்.

சிக்னல் குறைவென்றால் சொல்லுங்கள், வைபை சிக்னலைக் கொடுக்கும் பெட்டியான அக்சஸ் பொயின்ற்றை நகர்த்திப் பார்ப்போம். வைபையின் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடிய சனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதை ஒரு ஒழுங்கில் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். போன் ஹொட்ஸ்பொட் பத்து ஒரே மாடியில் எரிந்தால் அந்த ஒழுங்கு போச்சு. டேட்டா தேவையானபோது போட்டு, முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நிலாவெளிக்கென்று தனியாக இரண்டு வில்லங்கம். ஒன்று உப்புக் காற்று. கடலைப் பார்த்த பக்க அறைகளில் லேன் வயரின் முனையில் உள்ள செம்பு பச்சை பிடித்துவிடும். வயரைக் கழற்றி முனையைப் பாருங்கள். பச்சையாகத் தெரிந்தால் கத்தியால் சுரண்டவேண்டாம், கொண்டுவந்தால் புது முனை போட்டுத் தருவேன். மற்றது இடி. சித்திரையில் பின்னேர மழையோடும், வாடை தொடங்கும் ஐப்பசியிலும் மின்னல் கடுமை. மின்னல் பக்கத்தில் விழுந்தாலே செம்பு வயர் வழியே ஏறிவந்து சுவிட்சையும் லப்டொப்பின் லேன் ஓட்டையையும் சேர்த்துச் சுட்டுவிடும். இடி கேட்டதும் சார்ஜரை மட்டும் கழற்றாமல் லேன் வயரையும் கழற்றுங்கள்.

டொரண்ட், இலவச விபிஎன்

பலரின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பை இறக்கும் டொரண்ட் வேண்டாம். படம் இறங்கி முடிந்த பிறகும் அது உங்கள் லப்டொப்பிலிருந்து ஊருக்கெல்லாம் மேலேற்றிக்கொண்டிருக்கும். ஒரே ஆள் நூற்றுக்கணக்கான தொடர்பைத் திறந்து வைத்திருப்பார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. லினக்ஸ் போல உரிமையோடு பகிரப்படும் கோப்பு என்றால் முதலில் கேளுங்கள், இரவில் ஒரு நேரம் ஒதுக்கித் தரலாம்.

உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் விஷயத்தில் என் கருத்து தாளில் இருப்பதைவிடக் கொஞ்சம் இளக்கம். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று சமூக ஊடகங்களை முடக்கிய நாட்களில் எல்லோரும் ஏதோ ஓர் இலவச விபிஎன்னைப் போட்டோம். முடக்கம் போய்விட்டது, செயலி மட்டும் இன்னும் போனில் இருக்கிறது. காசில்லாமல் உங்கள் போக்குவரத்தை முழுக்கச் சுமக்கிற நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று யோசியுங்கள். பல்கலைக்கழகம் நூலகத் தரவுத்தளங்களுக்கென்று கொடுக்கும் விபிஎன் வேறு, அதைத் தாராளமாகப் பாவியுங்கள். தடைசெய்த தளங்களுக்குப் போக விபிஎன் பாவித்தால் விதிமீறல்தான், அதில் நான் சமாதானம் பேச வரமாட்டேன்.

"அக்கா, நாங்கள் எழுதுறது எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" இதைக் கேட்காத வருடமில்லை. தெரியாது. வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவது இரு முனையிலும் பூட்டப்பட்டுப் போகிறது. https என்று தொடங்கும், பூட்டுப் போட்ட தளங்களில் எந்தப் பக்கம் பார்த்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பதும் தெரியாது. எந்த அக்கவுண்ட், எந்த நேரம், எந்தத் தளத்தின் பெயர், எவ்வளவு டேட்டா, இவ்வளவும் பதிவேட்டில் தெரியலாம். அதையும் முறைப்பாடு வந்தால்தான் திறக்கவேண்டும். அம்மா போன் எடுத்து 'மகள் இரவில் யாரோடு கதைக்கிறாள்' என்று கேட்டால் பார்த்துச் சொல்ல அது இல்லை. கேட்டும் இருக்கிறார்கள். சொல்லவில்லை.

ஆபாசம், மிரட்டல், போலி அக்கவுண்ட் எல்லாம் தடை என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பகிடிவதைக்கு மட்டும் ஒரு வரி: நடுச்சாமத்தில் புது மாணவரை வீடியோ அழைப்பில் நிறுத்தி வைப்பதும், வாட்ஸ்அப் குழுமத்தில் சேர்த்து அசிங்கப்படுத்துவதும் பகிடிவதைதான். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. அகப்பட்டவர் குழுமத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

போடிங்கில் இருப்பவர்களுக்கு

விடுதி கிடைக்காமல் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடுகளில் போடிங் எடுத்திருப்பவர்களுக்கு இந்தத் தாளே கிடையாது. ஆனால் அங்கே இணைப்பு வீட்டுக்கார அம்மாவின் பெயரில் இருக்கும். நீங்கள் முகநூலில் எதையாவது கிளப்பிவிட்டால் பொலிஸ் தேடி வருவது அவர் வாசலுக்கு. முதலில் ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை அவரிடம் கேட்டு மாற்றுங்கள். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றி ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வைபை என்று ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதில் இருந்தால் வீட்டுக்காரரின் டிவியும் கமராவும் தனியாக இருக்கும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவுள்ள பொதி என்றால், யார் எவ்வளவு காசு, முடிந்துபோனால் யார் மேலதிகமாகப் போடுவது என்பதை முதல் மாதமே பேசிவிடுங்கள். அரைவாசி மாதத்தில் பேசினால் சண்டையில்தான் முடியும். பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்துக் காசு வாங்கும் எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு இணைப்பை விற்க ஒப்பந்தம் இடங்கொடாது.

கடைசியாக, முறைப்பாடு எழுதும் விதம். 'அக்கா நெட் இல்ல' என்று இரவு ஒன்றரைக்கு வரும் செய்தியை வைத்துக்கொண்டு நான் எதைத் தேடுவது? இப்படி எழுதுங்கள்: "இரண்டாம் மாடி, கடல் பக்கம், 14 ஆம் அறை. இரவு 9.10 இலிருந்து வைபை இணைகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. லப்டொப், போன் இரண்டிலும் அப்படித்தான். 15 ஆம் அறையிலும் இல்லை, 12 இல் இருக்கிறது. ஐபி முகவரி ஸ்கிரீன்ஷொட் கீழே." இப்படி வந்தால் அநேகமாகக் கட்டிலில் இருந்தபடியே எந்தச் சுவிட்ச் என்று சொல்லிவிடுவேன். பாஸ்வேர்டை மட்டும் அந்தச் செய்தியில் எழுதாதீர்கள். நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். என் பெயரில் யாராவது கேட்டால் அது நான் இல்லை.